காலேபாணி டாக்டர் திவான் சிங்

அந்தமான் என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது சிறைக்கூடமே. ஆயுள் தண்டனை பெற்று அங்கே கடத்தப்பட்ட வீரர் பலருடைய பெயர்களை நாம் பாடப் புத்தகங்களிலேயே படித்திருக்கிறோம். ஆனால் கைதியாக அன்றி மருத்துவராக அத்தீவுக்குச் சென்று, பல்லாண்டுகள் அங்குள்ளோருக்குத் தொண்டு செய்து, ஈற்றில் அதே செல்லுலர் சிறையில் கைதியாய் உயிர் துறந்த ஒருவரைத் தமிழுலகம் அதிகம் அறியாது. அவர் பஞ்சாபியர், சீக்கிய சமயத்தவர், இல்லறத்தார், கவிஞர். டாக்டர் திவான் சிங் என்பது பெயர். கருநீர் என்று பொருள்படும் ‘காலேபாணி’ என்னும் சொல்லையும் சேர்த்தே வடநாட்டார் அவரை வழங்குவர். வேற்றுச் சமயத்தவர் ஒருவருடைய சரிதத்தை நம் அன்பர்கள் முன் வைப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

அவர் பிறந்தது 1897ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள். ஊர், இப்போது பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் மாவட்டத்துக் கலோத்தியான் குர்த் என்னும் சிற்றூர். மிக இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். பாட்டியும் சிற்றப்பாவும் வளர்த்தனர். ஆக்ராவில் மருத்துவம் பயின்று இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. அரசாங்கச் சம்பளம் பெறுபவர் வாய் திறவாதிருப்பதே வழக்கமாயிருக்க, இவர் 1922இல் சிம்லா மலைப்பகுதியிலுள்ள தக்ஷாயில் அவ்வியக்கத்தை ஆதரித்து வெளிப்படையாகப் பேசினார். விசாரணை வந்தது. பின்னர் ரங்கூனுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து 1927இல் அந்தமான் சேர்ந்தார். வேண்டாதவரை எட்டாத இடத்துக்கு அனுப்பிவிடுவது எல்லா அரசாங்கங்களுக்கும் கைவந்த கலை போலும்!

அக்காலத்துப் போர்ட் பிளேரில் தண்டனை முடிந்தோரும், அவர்தம் மக்களும், 1921 கலவரத்துக்குப்பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமாரும், பர்மியரும், கரேனியரும், தெலுங்கரும், தமிழரும் கலந்து வாழ்ந்தனர். பர்மியர் தம் பிக்குகளுக்கென ஒரு விஹாரையும் அமைத்திருந்தனர். அவ்விடத்துக்குப் போங்கி சாங் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ‘கைதியின் மகன்’ என்னும் சொல் அங்கே எத்தனையோ பிள்ளைகளின் நெற்றியில் எழுதாத எழுத்தாக இருந்தது. பிறப்பைச் சொல்லிக் குனிய வைக்கும் கொடுமையை அறிந்த நம்மவருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

இம்மக்களிடையே திவான் சிங் மருத்துவமனைப் பணியோடு நின்றுவிடவில்லை. குருத்துவாரம் ஒன்று எழும்புவதற்கு முன்னின்று உழைத்தார். அது சீக்கியருக்கு மட்டும் உரிய வழிபாட்டிடமாக அடைபட்டுக் கிடப்பதை அவர் விரும்பவில்லை. எச்சமயத்தாரும் வந்து அமரலாம். பிள்ளைகள் படிக்கலாம் என்று அதன் கதவைத் திறந்து வைத்தார். அங்கே பஞ்சாபியோடு தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டன. சீக்கியர் ஒருவரின் முயற்சியால், கடல் நடுவே, ஒரு குருத்துவாரத்தின் நிழலில் தமிழ்ப் பிள்ளைகள் தம் தாய்மொழி எழுத்தைக் கற்றனர் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். தமக்கும் மனைவி மக்கள் இருந்தும், ஊரார் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளோடு சேர்த்தே எண்ணியவர் அவர். பெற்றோரின்றி வளர்ந்தவருக்குப் பிள்ளைகளின் தனிமை எளிதில் புலப்பட்டிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

1938இல் அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. ‘வக்தே பாணி’ என்பது அதன் பெயர். ஓடும் நீர் என்று பொருள். யாப்புக் கட்டுகளை உதறிய நடையில், சமயத்தின் வெறும் சடங்குகளையும் அவர் அந்நூலில் கடிந்துரைத்தார். குருத்துவாரம் எழுப்பியவரே சடங்கைக் கண்டித்தது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நமக்கு அது வியப்பன்று.

1942ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கிற்று. வெள்ளையர் ஆட்சி ஒழிந்தது என்று மகிழ்ந்தோர் பலர். அம்மகிழ்ச்சி சில நாட்களுக்கு மேல் நிற்கவில்லை. படைவீரர் வீடு புகுந்து தொல்லை செய்தனர். எதிர்த்த ஜுல்பிகர் அலி என்னும் இளைஞர் பலர் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் அந்தமான் கிளைக்குத் தலைவராயிருந்த திவான் சிங், ஊராருக்கும் படையினருக்கும் நடுவே நின்று, மக்களின் முறையீடுகளைத் தளபதிகளிடம் எடுத்துச் சென்றார். அஃது எத்துணை ஆபத்தான பணி என்பது அவருக்குத் தெரியாததன்று. குருத்துவாரத்தைப் படையினர் தம் கேளிக்கைக்கும், படைக்கென வலிந்து கொண்டுவரப்பட்ட பெண்களை வைப்பதற்கும் கேட்டனர் என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இதனிடையே 1943 சனவரியில் பிரிட்டிஷ் ஒற்றர் சிலர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இரகசியமாகத் தீவில் இறங்கினர். அவர்களுக்குத் தலைவர், முன்பு அந்தமானிலேயே போலீஸ் அதிகாரியாயிருந்த மக்கார்த்தி. அவர்கள் ஜப்பானியர் கையில் அகப்படவில்லை. ஆனால் செய்தி வெளியே போவதைக் கண்ட படையினர், ஊர்மக்களே ஒற்றர் என்று முடிவு கட்டினர். அவ்வாண்டு மார்ச்சில் போலீஸ் அதிகாரி நாராயண ராவ் உட்படச் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபர் 23ஆம் நாள் திவான் சிங் சிறைப்பட்டார். அவரைத் தொடர்ந்து மேலும் பலரைப் பிடித்தனர்.

எண்பது நாட்களுக்கு மேலாக அவர் பட்ட துன்பத்தை முழுவதும் எழுத நம் கை கூசுகிறது. நீண்ட தலைமயிரைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தனர், சூடிட்டனர். ஒற்றன் என்று ஒப்புக்கொண்டு பிறர் பெயர்களையும் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அவர் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு மற்றொரு குடும்பம் அழியும் என்பதை அறிந்த இல்லறத்தார் அவர். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேருக்கு வந்தார். 30ஆம் நாள் மூவர்ணக் கொடியை ஏற்றினார், சிறையையும் காட்டினர். திவான் சிங் அடைபட்டுக் கிடந்த பகுதிக்கு அவர் அழைத்துச் செல்லப்படவில்லை. பதினைந்து நாட்களில், 1944 சனவரி 14ஆம் நாள், திவான் சிங் உயிர் துறந்தார். அம்மாதம் 30ஆம் நாள் அவரோடு தொடர்புடையோர் என்று 44 பேர் ஹம்ப்ரிகஞ்சில் சுடப்பட்டனர்.

இனி நாம் சொல்லவேண்டிய காரணத்துக்கு வருவோம். அவரை வதைத்தோர் பௌத்த நாடு என்று உலகம் எண்ணும் நாட்டிலிருந்து வந்தோர். அந்நாட்டின் விஹாரைகளையும் கலைகளையும் நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசுவது தவறன்று. ஆயினும் ‘அது போர்க்காலம், அது படையினர் செயல்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுவது நேர்மையாகாது. போரின்போது ஜப்பானியப் பௌத்தச் சங்கங்கள் பலவும் அப்படையெடுப்பை வாழ்த்தின; பிற்காலத்தில் அவற்றுட் சில அதற்காக வெளிப்படையாக மன்னிப்பும் கோரின. பஞ்ச சீலத்தின் முதற் சீலத்தை நாடோறும் வாயால் கூறும் நாம், அச்சீலத்தைச் செயலில் காத்தவர் அன்று அச்சிறையின் எப்பக்கத்தில் இருந்தார் என்று கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். புதிதாகத் தருமத்தைத் தழுவிய நம்மவருள் சிலர், பௌத்தன் என்ற பெயரே போதும் என்று எண்ணுவதை நாம் கேட்டதுண்டு.

அவருடைய இன்னொரு கவிதைத் தொகுதி, ‘அந்திம் லஹரான்’, அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1962இல் வெளிவந்தது. மகனும் மருமகளும் சண்டிகர் அருகே சிஸ்வானில் அவர் நினைவாகக் காட்சியகம் ஒன்றை அமைத்தனர். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிவிட்டது. குருத்துவாரம் அவர் பெயரைத் தாங்கி அங்கே இருக்கிறது.