காடு திருத்தி நகர் கண்ட திருவாய்மொழிப்பிள்ளை

செல்வம் நிலையாதது என்று சொல்லாத சமயம் உலகில் இல்லை. ஆயினும் ஒரு மனிதனுடைய செல்வம் அழிவது வேறு. ஒரு நாட்டின் செல்வமே வேரற்று வீழ்வது வேறு. முன்னதில் துன்புற்றவனுக்கு ஆறுதல் சொல்ல அயலார் உண்டு. பின்னதிலோ ஆறுதல் சொல்ல வேண்டியவனும் அழுகிறவனோடு சேர்ந்தே அல்லலுறுகிறான். அத்தகைய காலத்தில், இடிந்தவற்றுள் எதை முதலில் எடுத்து நிறுத்துவது என்னும் கேள்வி அறிவுடையோர் உள்ளத்தை வாட்டும். அரண்மனையையா, கருவூலத்தையா, கடைவீதியையா? ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கி வைத்த மகான் ஒருவர் உண்டு. அவரே ஸ்ரீ மணவாள மாமுனிகளின் ஆசார்யரும், திருமலையாழ்வார் என்னும் இயற்பெயருடையவருமான ஸ்ரீ திருவாய்மொழிப்பிள்ளை ஆவார்.

பாண்டிநாட்டின் வீழ்ச்சி

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாடு செல்வத்தின் உச்சியில் இருந்தது. பொருநையாறு கடலில் கலக்குமிடத்தையடுத்த காயல் துறைமுகத்திற்கு ஆர்மஸ், ஏடன் முதலிய தொலைதேசங்களிலிருந்து மரக்கலங்கள் வந்தன. முத்து வெளியே சென்றது. பொன்னும் குதிரையும் உள்ளே வந்தன. அக்காலத்தில் இந்நாட்டைக் கண்டுசென்ற மார்க்கோ போலோ, நாட்டுப் பொருளின் பெரும்பகுதி குதிரை வாங்குவதிலேயே கரைந்து போவதையும், வாங்கிய குதிரைகள் பேணுவாரின்றி மடிவதையும் குறித்து வைத்தார். வெளியே ஒளி மிகுந்திருந்த அச்செல்வத்தினுள்ளே கசிவு அப்போதே தொடங்கியிருந்தது.

1310-ஆம் ஆண்டளவில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் மறைந்ததும், அவன் மைந்தர் இருவரும் அரியணைக்காக ஒருவரையொருவர் அழிக்கப் புகுந்தனர். உட்பகை திறந்துவிட்ட வாயில் வழியே 1311-இல் மாலிக் காபூரின் படை புகுந்து பொன்னையும் யானைகளையும் வாரிச் சென்றது. 1323-இல் தில்லிப் படை மீண்டும் வந்தது, திருவரங்கம் சூறையாடப்பட்டது, மதுரை தில்லி ஆட்சியின் கீழ்ப் போயிற்று. 1335-இல் மதுரையில் தனிச் சுல்தான்களின் ஆட்சி எழுந்தது. 1340-களில் அங்கு வந்த இபின் பதூதா, கொள்ளைநோய் பற்றியவர்கள் இரண்டொரு நாளில் மாண்டுபோன கொடுமையைக் கண்டார்.

அக்காலத்து ஊர்களின் பொருள்வாழ்வு எவ்வாறு அமைந்திருந்தது என்பதை இங்குச் சிந்திக்க வேண்டும். ஊரின் நடுவே கோயில். கோயிலுக்குத் திருவிடையாட்ட நிலங்கள். அந்நிலத்தை உழுபவர், ஏரி மதகைக் காப்பவர், திருவிளக்குக்கு எண்ணெய் ஆட்டுபவர், நந்தவனத்தில் பூப்பறிப்பவர், மடைப்பள்ளிக்குப் பானை வனைபவர், திருப்பரிவட்டம் நெய்பவர், பாசுரம் ஓதுபவர் ஆகிய அனைவரும் அந்த ஒரு தீபத்தைச் சுற்றியே வாழ்ந்தனர். எம்பெருமான் அவ்விடம் விட்டு எழுந்தருள நேர்ந்தபோது அணைந்தது கருவறை விளக்கு மட்டுமன்று. செக்கு நின்றது, சக்கரம் நின்றது, தறி நின்றது. மதகு தூர்ந்தது, நிலம் தரிசாயிற்று. தரிசு புதராகிப் புதர் காடாயிற்று. நம்மாழ்வார் திருவவதாரத் தலமாகிய ஆழ்வார்திருநகரிக்கும் அக்கதியே நேர்ந்தது.

இரு வேறு செல்வங்கள்

1323-இல் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டவர் பிள்ளை லோகாசார்யர். வழியில் கள்வர் வந்து பெருமாள் திருவாபரணங்களைக் கவர்ந்தபோது, அவர் சிறிதும் கலங்காமல் தம் கையில் இருந்தவற்றையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். திருமேனி காக்கப்பட்டால் போதும். பொன் போயிற்றே என்று அவர் இரங்கவில்லை. மதுரையையடுத்த ஜோதிஷ்குடியில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளும் தறுவாயில், எதிர்காலத்தைப் பற்றிய ஒரே கவலை அவர் திருவுள்ளத்தில் நின்றது. திருமலையாழ்வார் என்னும் இளைஞர் உலகியலில் மூழ்கிக் கிடக்கிறார். அவரைத் தரிசனத்துக்கு மீட்டுத் தரவேண்டும் என்று கூரகுலோத்தம தாசரிடம் நியமித்துத் திருக்கண் வளர்ந்தார்.

வைகாசி விசாகத்தில் குந்தீநகரத்தில் அவதரித்த திருமலையாழ்வார், வடமொழியிலும் தென்மொழியிலும் வல்லவர், ஆட்சித்திறன் மிக்கவர். மதுரையில் அமைச்சராய் அமர்ந்து, அரச குமாரன் இளையவனாயிருந்தமையால் ராஜ்யபாரத்தைத் தாமே சுமந்து வந்தார். சிதைந்த நாட்டில் எஞ்சியதைக் காத்து நடத்துவது எளிய தொழிலன்று. அவர் அப்பணியில் நேர்மையோடே உழைத்தார்.

அந்நாளிலேயே ஆழ்வார் திருத்தொண்டு ஒன்றும் அவருக்கு வாய்த்தது. நம்மாழ்வார் திருமேனி மலைநாடு நோக்கி எழுந்தருளி, பகைவருக்கு அஞ்சி ஒரு பேழையில் வைக்கப்பெற்று ஆழ்ந்த மலைப்பள்ளத்தில் இறக்கப்பட்டிருந்தது. அதை மீட்க உதவி வேண்டித் தோழப்பர் என்னும் பக்தர் மதுரைக்கு வந்தபோது, திருமலையாழ்வார் ஆட்களையும் மலையாள மன்னனுக்குத் திருமுகத்தையும் கொடுத்து அனுப்பினார். தோழப்பர் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கி ஆழ்வாரை மேலேற்றிவிட்டு, தாம் ஏறும்போது வீழ்ந்து பரமபதம் அடைந்தார். ஆழ்வார் பின்னர்த் திருக்கணாம்பியில் எழுந்தருளியிருந்தார். ஆட்சி அதிகாரம் உதவக்கூடியது கயிறும் ஆளும் அளவே. இறங்கும் நெஞ்சத்தை அது தர இயலாது என்பதைத் தோழப்பரின் முடிவு அமைச்சருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

அமைச்சர் சீடரானது

ஒருநாள் திருமலையாழ்வார் பரிவாரங்களோடு நகர்வலம் வந்துகொண்டிருந்தார். வழியோரம் நின்ற கூரகுலோத்தம தாசர் திருவிருத்தத்தை உரக்க அனுசந்தித்தார். தமிழின் சுவையில் ஈடுபட்ட அமைச்சர், அதற்குப் பொருள் கூறுமாறு கேட்டார். தாசரோ விடை கூறாமல் உமிழ்ந்துவிட்டுச் சென்றார். காவலர் சினந்து பாய்ந்தனர். அமைச்சர் அவர்களைத் தடுத்தார். இத்தனை அதிகாரத்தையும் ஒரு பொருட்டாக எண்ணாத மனிதரிடம் தம்மிடம் இல்லாத ஏதோ ஒரு செல்வம் இருத்தல் வேண்டும் என்று அவர் உள்ளம் தேர்ந்தது. இல்லத்தில் தாயின் ஸ்தானத்திலிருந்த சிற்றன்னையிடம் இதைச் சொன்னபோது, அவ்வம்மையார் பிள்ளை லோகாசார்யருடைய பெருமையையும் தாசருடைய பெருமையையும் எடுத்துரைத்தார். திருமலையாழ்வார் தாசரைத் தேடிச் சென்று திருவடி பணிந்தார்.

தாசர் நாள்தோறும் அரண்மனைப் பணிகளுக்கு முற்பட்ட வேளையில் வந்து ரஹஸ்யார்த்தங்களை உபதேசித்தார். ஒருநாள் ராஜ்ய காரியத்தின் நெருக்கத்தால் அமைச்சருக்கு அவ்வேளை தவறிற்று. மறுநாள் முதல் தாசர் வரவில்லை. அப்போதுதான் திருமலையாழ்வார் இரண்டு பாரங்களையும் ஒருங்கே சுமக்க இயலாதென்று தெளிந்தார். தாசரிடம் பிழைபொறுக்க வேண்டினார். ஆட்சியை அரச குமாரனிடம் ஒப்புவித்தார். மதுரையை விட்டுச் சிக்கிலுக்குச் சென்று தாசரோடேயே தங்கினார்.

அதன்பின் அவர் கற்ற வரலாறு, கற்ற பொருளைப் போன்றே பாடம் தருவது. தாசரின் நியமனப்படி திருவனந்தபுரம் சென்று விளாஞ்சோலைப்பிள்ளையின் திருவடிகளில் அமர்ந்தார். விளாஞ்சோலைப்பிள்ளை ஈழவர் குலத்தில் தோன்றியவர். அக்கால வழக்கப்படி கோயிலுள் புகும் உரிமை இல்லாதவர். நேற்றுவரை ஒரு ராஜ்யத்தை நடத்திய அந்தணர், கோயிலுக்கு வெளியே நின்ற அம்மகானிடம் ஸ்ரீவசனபூஷணத்தின் பொருளை யாசித்துப் பெற்றார். வீழ்ந்த சமுதாயம் எழவேண்டுமாயின் அறிவு இருக்குமிடத்தில் வணங்கும் பணிவு அதற்கு முதற்படி என்பது இதனால் விளங்கும்.

திருவாய்மொழிப் பொருளைத் திருக்கண்ணங்குடிப்பிள்ளையிடம் கேட்டார். விரிவாகக் கேட்க விரும்பித் திருப்புட்குழி ஜீயரை நாடிச் சென்றார். அந்தோ, அவர் சில நாள்களுக்கு முன்னரே திருநாட்டை அலங்கரித்துவிட்டார் என்னும் செய்தியே எதிர்கொண்டது. வாடிய உள்ளத்தோடு காஞ்சியில் தேவப்பெருமாளைச் சேவித்து நின்றவருக்கு அங்கே நாலூர்ப்பிள்ளை கிடைத்தார். ஓலைச்சுவடிகள் அழிந்து, உரை வல்லாரும் ஒருவர் ஒருவராய் மறைந்துகொண்டிருந்த அக்காலத்தில், ஈட்டுப் பேருரை இக்குடும்பத்தில் காக்கப்பட்டிருந்தது. முதுமையால் தளர்ந்த பிள்ளை, தம் குமாரர் நாலூராச்சான்பிள்ளையைக் கொண்டு உபதேசிக்கச் செய்தார். திருநாராயணபுரத்தில் அந்த உபதேசம் நிறைவெய்தியது. திருவாய்மொழியில் அவர் கொண்ட ஆழங்கால்பட்ட ஈடுபாட்டால் திருவாய்மொழிப்பிள்ளை என்னும் திருநாமமும் அவருக்கு நிலைத்தது.

காடுவெட்டிக் குரு

கற்றவர் கற்றதோடு அமைந்துவிடவில்லை. ஆழ்வார் அவதரித்த தலம் காடாய்க் கிடக்க, அவர் அருளிச்செயலை நாவில் வைத்துக்கொண்டு வேறோர் ஊரில் இனிது வாழ்வது தகாதென்று கருதினார். ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளினார். மரம் வெட்டி, முள் களைந்து, வழி திறந்து, கோயிலை வெளிப்படுத்தினார். இதனால் காடுவெட்டிக் குரு என்றே அவரைப் பெரியோர் வழங்கலாயினர். ஒரு காலத்தில் முத்திரை மோதிரம் விளங்கிய கை வெட்டுக்கத்திக்கு உரியதாயிற்று. அப்பெயரை விடச் சிறந்த பட்டம் வேறு எது?

பின்னர்த் திருக்கணாம்பியிலிருந்து நம்மாழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். ஆழ்வார் கனவில் உணர்த்தியருளத் திருப்புளியாழ்வாரின் அருகே மண்ணுக்குள் மறைந்திருந்த பவிஷ்யதாசார்யரான எம்பெருமானார் திருமேனியை வெளிக்கொணர்ந்தார். ஊரின் மேற்புறத்தில் எம்பெருமானாருக்குத் தனிக்கோயில் கண்டு, அதைச் சுற்றி நான்கு வீதிகள் வகுத்து, இராமாநுச சதுர்வேதிமங்கலம் எனப் பெயரிட்டார். கைங்கரியத்திற்காகப் பத்துக் குடும்பங்களையும், ஆதரவற்ற முதிய அம்மையார் ஒருவரையும் அங்குக் குடியேற்றினார் என்று குருபரம்பரை கூறும்.

இக்கணக்கைச் சற்று நின்று நோக்க வேண்டும். நான்கு வீதி, பத்துக் குடும்பம், ஒரு முதியவள். ராஜ்ய வரவு செலவுகளை நடத்திப் பழகியவருக்கு இது எத்துணைச் சிறிய தொகை! ஆயினும் அவர் வைத்த வரிசையில்தான் உண்மை இருக்கிறது. பொன்னைச் சேர்த்துக்கொண்டு பிறகு கோயிலைப் பார்ப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. வணங்கும் பொருளை நடுவில் வைத்தார். அதற்குத் தொண்டு செய்யும் மனிதரை அருகில் வைத்தார். விளக்கு ஏறியபோது எண்ணெய் தேவைப்பட்டது. தளிகை தொடங்கியபோது நெல் தேவைப்பட்டது. தேவை உண்டான இடத்தில் உழைப்பும், உழைப்பு உண்டான இடத்தில் வாழ்வும் தளிர்ப்பது இயல்பு. அந்தப் பத்துக் குடும்பங்களோடு உழைக்கும் வலிமையற்ற முதியவளுக்கும் இடம் அளித்ததே அப்புது நகரின் தர்மம். பயன் தருவோரை மட்டும் எண்ணிக் கட்டிய ஊர் சந்தையாகும். பயன் கருதாது காக்கத்தக்கோரையும் எண்ணிக் கட்டியதே திருப்பதியாகும்.

எஞ்சிய ஒரு கவலை

1370-இல் ஆழ்வார்திருநகரியில் அழகிய மணவாளர் அவதரித்தார். 1371-இல், விஜயநகரத் தளபதி கோபணாரியரின் முயற்சியால் நம்பெருமாள் திருவரங்கத்திற்கு மீண்டு எழுந்தருளினார். அழகிய மணவாளர் வளர்ந்து திருவாய்மொழிப்பிள்ளையின் திருவடிகளை அடைந்து, அருளிச்செயலும் ஈடும் கற்று, எம்பெருமானார் கைங்கரியத்திலும் தலைநின்றார்.

தம் அந்திம காலத்தில் திருவாய்மொழிப்பிள்ளை மிகவும் கலங்கியிருந்தார். எழுப்பிய மதில்களையோ வகுத்த வீதிகளையோ பற்றிய கலக்கமன்று அது. மீண்டும் ஒரு புயல் வருமாயின் இவை மீண்டும் காடாகும் என்பதை அவர் அறிவார். ஆழ்வார் அருளிச்செயலின் பொருளைத் தமக்குப்பின் வளர்ப்பவர் யார் என்பதே அவரை வாட்டிய கவலை. அழகிய மணவாளர் முன்வந்து அப்பொறுப்பை ஏற்பதாகச் சபதம் செய்த பின்னரே அவர் திருவுள்ளம் தெளிந்தது. திருவரங்கம் சென்று திருவாய்மொழியைப் பரப்புமாறு சீடருக்கு நியமித்து, வைகாசி தேய்பிறை அஷ்டமியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

அச்சபதம் பழுதுபடவில்லை. மணவாள மாமுனிகளாகத் துறவு பூண்ட அச்சீடர், 1432-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலம், நம்பெருமாள் உத்ஸவங்களையும் நிறுத்தித் திருச்செவி சாத்தியருள, திருவரங்கத்தில் ஈட்டுப் பேருரையைக் காலக்ஷேபம் செய்தார். 1433 ஆனித் திருமூலத்தில் சாற்றுமுறையன்று ஒரு சிறுவன் வடிவில் அரங்கனே வந்து சமர்ப்பித்ததாகப் பெரியோர் போற்றும் தனியன், மாமுனிகளைப் பாடுவதாயினும் ஸ்ரீசைலேசர் என்னும் அவருடைய ஆசார்யர் திருநாமத்தோடே தொடங்குகிறது. தென்னாசார்ய ஸம்பிரதாயத் திருக்கோயில்களில் திவ்யப்பிரபந்த கோஷ்டி தொடங்கும்போது முதலில் முழங்குவது அந்நாமமே.

மதுரைக் கருவூலத்தில் அவர் எண்ணி வைத்த பொன் எங்குப் போயிற்றென்று அறிவாரில்லை. காட்டை வெட்டி அவர் ஏற்றிய விளக்கோ அணையாமல் எரிகிறது. பஞ்சமும் பணமுடையும் எக்காலத்தும் வரக்கூடியவை. அவை வரும்போது நடுவில் இருக்க வேண்டிய தீபத்தை முதலில் ஏற்றி, அருகில் இருக்கும் எளியவருக்கு இடமளித்து, கற்றதை ஒருவருக்கேனும் கொடுத்துச் செல்லும் நெறியைத் திருவாய்மொழிப்பிள்ளை காட்டியருளினார். அவர் திருவடிகளைச் சிந்தித்து, அந்நெறியில் நின்று, உற்சவ காலத்தில் மட்டுமன்றி எக்காலமும் கைங்கரியத்தில் ஒன்றி வாழ்வோமாக.