சீர்காழியில் உடைந்த கால்

மக்களே, ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க ஹாஸ்டல் விங்ல இப்போ எத்தனை பேருக்கு முதுகு வலி, தோள் வலி, முட்டி வலி? அதுல எத்தனை பேர் யார்கிட்டயும் சொல்லாம ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு மறுநாளும் ஜிம்முக்குப் போறாங்க? போன செமஸ்டர்ல என் ரூம்ல அப்படி ஒருத்தன் இருந்தான். அது நான்தான்.

என் கதை அப்புறம் வரும், அது பெரிய கதையும் இல்ல. இப்போ சொல்லப் போறது உங்க தாத்தா வீட்டுச் சுவத்துல இன்னும் போட்டோவா மாட்டியிருக்கிற ஒருத்தரோட கதை. எம்.ஜி.ஆர். அவரோட பாட்டு, கட்சி, ஆட்சி பத்தியெல்லாம் உங்களுக்கு என்னை விட நல்லாவே தெரிஞ்சிருக்கும். நான் எழுத வந்தது அவரோட கால் பத்தி. அந்தக் கால் உடைஞ்சது நம்ம டெல்டாவுலதான்.

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17, இலங்கையில கண்டிக்குப் பக்கத்துல நாவலப்பிட்டி. நடக்கப் பழகின வயசுலயே அப்பா போயிட்டார். அம்மா சத்யபாமா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கும்பகோணம் வந்து சேர்ந்தாங்க. அங்கே ஆனையடிப் பள்ளியில அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் படிச்சாங்க. படிச்சாங்கன்னு சொன்னாலும் சில வருஷம்தான். வீட்டுல சோத்துக்கே கஷ்டம். நாடகக் கம்பெனியில சேர்ந்தா பிள்ளைங்களுக்கு மூணு வேளை சாப்பாடாவது கிடைக்கும்னு ரெண்டு பேரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனாங்க. நாம மூணாவது படிக்கும்போது ஸ்கூல் வேன் லேட்டா வந்துச்சுன்னு அழுதுருப்போம். அந்தப் பையன் அந்த வயசுல வேலைக்குப் போயிட்டான்.

பாய்ஸ் கம்பெனின்னா என்னன்னு நம்ம தலைமுறைக்குத் தெரியாது. சின்னப் பசங்களை வெச்சே முழு நாடகமும் நடத்துற குழு. பொம்பளை வேஷமும் பையன்தான், ராஜா வேஷமும் பையன்தான். பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை எல்லாத்துக்கும் பயிற்சி உண்டு. எம்.ஜி.ஆருக்கு அங்கே வாத்தியாரா இருந்தவர் காளி என். ரத்தினம். பின்னாடி சூப்பர் ஸ்டாரா ஆன பி.யு. சின்னப்பாவும் அந்தக் கம்பெனியில இருந்தவர்தான். இதை எதுக்குச் சொல்றேன்னா, எம்.ஜி.ஆர் உடம்பு ஒரு டிரான்ஸ்ஃபர்மேஷன் சேலஞ்சுல வந்த உடம்பு இல்ல. ஏழு, எட்டு வயசுல ஆரம்பிச்சு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா ஏறின உடம்பு.

சினிமாவும் அவருக்கு மெதுவாத்தான் வந்துச்சு. 1936-ல 'சதி லீலாவதி'யில சின்ன போலீஸ் வேஷம். ஹீரோ ஆனது 1947-ல, 'ராஜகுமாரி'யில. நடுவுல 11 வருஷம். நமக்கு ஒரு கம்பெனி ரிஜெக்ட் பண்ணினாலே ரெண்டு நாள் மெஸ்ஸுக்குப் போக மாட்டோம், விடுங்க. அந்தக் காலத்துல கோயம்புத்தூர்ல ஸ்டுடியோ இருந்ததால அவர் அங்கேயும் தங்கியிருந்தார். அங்கே வீரமாருதி தேகப்பயிற்சி சாலை நடத்தின சின்னப்பா தேவர் நண்பரா கிடைச்சார். பின்னாடி தேவர் ஃபிலிம்ஸ் ஆரம்பிச்ச அதே சாண்டோ சின்னப்பா தேவர்தான். சாண்டோங்கறது யூஜின் சாண்டோன்னு ஜெர்மனியில பிறந்த ஒரு பயில்வானோட பேர். 1900-கள் தொடக்கத்துல இந்தியா முழுக்க வந்து ஷோ காட்டிட்டுப் போனவர். அவர் பேரையே நம்ம ஊர் பயில்வான்கள் பட்டம் மாதிரி போட்டுக்கிட்டாங்க. இன்னைக்கு இன்ஸ்டாவுல வெளிநாட்டு ஆள் வீடியோ பாத்து நாம ரெப்ஸ் எண்றதுக்கு அதுதான் பாட்டன் முப்பாட்டன் போல.

அப்புறம் 'மர்மயோகி', 'மலைக்கள்ளன்', 'மதுரை வீரன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்'னு வரிசையா வந்துச்சு. 1958-ல கையில இருந்த காசையெல்லாம் போட்டு அவரே டைரக்ட் பண்ணின 'நாடோடி மன்னன்' பெரிய வெற்றி. கத்தி, சிலம்பம், குதிரை, தாவல்னு எல்லாம் பார்த்துட்டு ஜனங்க அவருக்கு எதுவும் ஆகாதுன்னே நம்பினாங்க. ஹீரோ அடி வாங்கினாக்கூட தியேட்டர்ல அழற காலம் அது.

இப்போ 1959 ஜூன் மாசத்துக்கு வாங்க. டெல்டாவுல எல்லாரும் மேட்டூர்த் தண்ணியை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கிற மாசம். எம்.ஜி.ஆருக்கு வயசு 42. சினிமாவுல உச்சத்துல இருந்தாலும் அவர் மேடை நாடகத்தை விடல. சீர்காழியில 'இன்பக் கனவு' நாடகம். சீர்காழி இன்னைக்கு மயிலாடுதுறை மாவட்டம், அன்னைக்கு எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான். நாடகத்துல ஒரு சண்டைக் காட்சி. எதிர்ல நடிச்சவர் குண்டுமணி, பேருக்கேத்த உடம்பு. அவரைத் தூக்கி எறியணும். அதைச் செய்யும்போது எம்.ஜி.ஆரோட கால் எலும்பு முறிஞ்சுது.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கலாம்னு நினைக்கிறேன். ஏன்னா இதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வெச்சது.

அவர் புது ஆள் இல்ல. 30 வருஷத்துக்கு மேல பழகின உடம்பு. அவருக்கே இப்படின்னா நாம எம்மாத்திரம்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், ஒரு ஃப்ரீ பாடி டயகிராமாவது போட வேண்டாமா?

20 கிலோ எடையை இடுப்புக்கு 40 செ.மீ முன்னாடி பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்கன்னு வெச்சுக்கங்க. ஈர்ப்பு முடுக்கத்தை 10-னு எடுத்தா விசை 200 நியூட்டன், திருப்புத்திறன் 80 நியூட்டன் மீட்டர். இதைத் தாங்கிப் பிடிக்கிற முதுகுத் தசை, முதுகெலும்பு மூட்டுல இருந்து தோராயமா 5 செ.மீ தூரத்துலதான் இருக்கு. 80-ஐ 0.05-ஆல வகுங்க. 1600 நியூட்டன். அதாவது கையில 20 கிலோ, தசைக்கு 160 கிலோ. இதுல உங்க மேலுடம்போட எடையை நான் சேர்க்கவே இல்ல. அதே 20 கிலோவை உடம்போட ஒட்டி 20 செ.மீ-ல பிடிச்சா பாதியாயிடும். ஃபார்ம், ஃபார்ம்னு கத்துற ட்ரெய்னர் சொல்றது இதைத்தான், அவருக்கு மொமென்ட்னு பேர் சொல்லத் தெரியலைன்னாலும்.

இன்னொண்ணு. எலும்பு நேரா அழுத்தினா நல்லாத் தாங்கும். வளைச்சா, முறுக்கினா அவ்வளவு தாங்காது. கான்கிரீட்டும் அழுத்தத்தை நல்லாத் தாங்கும், இழுவையைத் தாங்காது, அந்த மாதிரின்னு சிவில் பசங்க புரிஞ்சுக்குவீங்க. ஒரு பார்பெல் அசையாம இருக்கும். மனுஷன் அசைவான், வழுக்குவான், அவன் எடை நடுவுல இடம் மாறும். அந்த நேரத்துல நம்ம பாதம் தரையில ஊனியிருக்க, உடம்பு திரும்பினா, நடுவுல இருக்கிற காலுக்குத்தான் அத்தனையும். மேல மேடைங்கறது வேற. ஆயிரம் கண் பார்க்கும்போது இன்னைக்கு வேண்டாம், ஒரு மாதிரி இருக்குன்னு எவனும் இறக்கி வைக்க மாட்டான். நம்ம ஜிம்ல ஆயிரம் கண் இல்ல. ஒரு ஃப்ரெண்டு போனைத் தூக்கி வீடியோ எடுத்தா போதும், அதே கதைதான்.

எங்க கதையும் அப்படித்தான் ஆச்சு. 30 நாள் சேலஞ்ச். முதல் வாரமே டெட்லிஃப்ட். ஒரு வாரத்துல எடையை டபுள் பண்ணினேன். ஒன்பதாவது நாள் கீழ் முதுகுல ஏதோ சுருக்குன்னுச்சு. அதோட நிறுத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. பதினோராவது நாளும் போனேன். அப்புறம் ப்ளேஸ்மென்ட் எக்ஸாமை பாதி நேரம் நின்னுக்கிட்டே எழுதினேன். சூப்பர்வைசர் நான் பக்கத்துல எட்டிப் பார்க்கிறேன்னு நினைச்சு ரெண்டு தடவை வந்து நின்னார்.

லீவுக்கு ஊருக்குப் போனப்போ நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். மூட்டை 40 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டைன்னு எண்ண முடியாது. அவர் தரையில இருந்து தனியாத் தூக்கவே இல்ல. ரெண்டு பேர் பிடிச்சு ஏத்தி விடறாங்க, இவர் குனிஞ்சு முதுகை நேரா வெச்சு உள்ளே நுழைஞ்சு வாங்கிக்கிறார். மூட்டை உடம்போட ஒட்டியே இருக்கு. திரும்பணும்னா இடுப்பைத் திருப்பல, காலை எடுத்து வெச்சுத் திரும்புறார். புதுசா வர்ற பையனுக்கு முதல் நாளே முழு வேலை குடுப்பீங்களாண்ணேன்னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, குடுத்தா மறுநாள் அவன் வர மாட்டானே தம்பின்னுட்டு அடுத்த மூட்டைக்குப் போயிட்டார். என் சேலஞ்ச் ஆப்ல இந்த வரி எங்கேயும் இல்ல.

சரி, எம்.ஜி.ஆருக்கு வருவோம். கால் முறிஞ்சதும் மாசக்கணக்குல படுக்கை. இனிமே இவரால சண்டை போட முடியாது, கதை முடிஞ்சுதுன்னு பேச்சு கிளம்புச்சு. அவரை நம்பிப் படம் ஆரம்பிச்சவங்க எல்லாம் காத்துக்கிட்டு இருந்தாங்க. சண்டைதான் அவரோட அடையாளம், அதுக்கே ஆபத்து. அப்படிப்பட்ட நேரத்துல சும்மா படுத்திருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நினைச்சுப் பாருங்க.

உடைஞ்ச எலும்பு அவசரப்படுத்தினா கேக்காது. முதல்ல ரத்தம் உறைஞ்ச கட்டி, அப்புறம் மெத்துன்னு ஒரு பாலம், அப்புறம் அது கெட்டியாகி எலும்பாகும். காலோட பெரிய எலும்புன்னா சேர்றதுக்கே மூணு, நாலு மாசம் ஆகலாம். அதுக்குள்ள அசையாம கிடந்த தொடைத் தசை இளைச்சுடும். மறுபடி நிக்க, நடக்க, ஏற, அப்புறம்தான் தாவ. இந்த வரிசையில ஒண்ணைத் தாண்டிக் குதிச்சா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அவர் திரும்பி வந்தார். 1960-ல 'பாக்தாத் திருடன்', 'ராஜா தேசிங்கு', 'மன்னாதி மன்னன்' மூணும் ரிலீஸ் ஆச்சு. 1961-ல தேவரோட 'தாய் சொல்லைத் தட்டாதே'. அதுக்கப்புறம் தேவரோட வரிசையா எத்தனையோ படம். ராமாவரம் தோட்டத்து வீட்டுல உடற்பயிற்சிக்குன்னு தனி இடமே வெச்சிருந்தார். கால் முறிஞ்சதால பயிற்சியை விட்டுடவும் இல்ல, ஒரே மாசத்துல பழைய ஆளா வந்து நிக்கிறேன்னு கிளம்பவும் இல்ல.

இங்கே ஒரு விஷயம் கட்டாயம் சொல்லியாகணும், கதைக்குக் கொஞ்சம் வெளிய போனாலும் பரவாயில்ல. நாம பயப்படறது எலும்புக்கும் முதுகுக்கும். அதை விட மோசமான ஒண்ணு இருக்கு, பேர் ராப்டோமயோலிசிஸ். பழக்கமே இல்லாத உடம்பு ஒரே நாள்ல நூத்துக்கணக்கான ஸ்குவாட் மாதிரி எதையாவது செஞ்சா, அதுவும் நம்ம மே மாச வெயில்ல தண்ணி குடிக்காம செஞ்சா, தசை நார் உடைஞ்சு அதுல இருக்கிற மயோகுளோபின் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாதாரண வலி ஒண்ணு, ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போய் இறங்கிடும். இது இறங்காது, தசை வீங்கும், கையை மடக்கக்கூட முடியாது, சிறுநீர் கோலா நிறத்துல போகும். அந்த நிறத்தைப் பார்த்தா கூகுள் பண்ணாதீங்க, புரோட்டீன் ஷேக் குடிக்காதீங்க, வார்டன்கிட்ட சொல்லிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்.

எம்.ஜி.ஆருக்கு உடம்பு வெச்ச சோதனை அதோட முடியல. 1967 ஜனவரி 12, எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்துல பாய்ஞ்சுது. ஆஸ்பத்திரியில இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில ஜெயிச்சார். உயிர் தப்பினாலும் குரல் மாறிப் போச்சு. அந்த மாறின குரலோடதான் அதே வருஷம் 'காவல்காரன்' வந்துச்சு, ஜனங்க ஏத்துக்கிட்டாங்க. 1977-ல முதலமைச்சர். 1984-ல சிறுநீரகம் செயலிழந்து சென்னையில இருந்து அமெரிக்காவுல புரூக்ளின் வரைக்கும் சிகிச்சை, அண்ணன் மகள் சிறுநீரகம் குடுத்தாங்க. (இதை மேல சொன்ன ராப்டோவோட முடிச்சுப் போட்டுடாதீங்க, இது வேற.) 1987 டிசம்பர் 24 அன்னைக்கு காலமானார்.

எனக்கு இதுல பிடிச்ச வருஷம் 1971. 'ரிக்‌ஷாக்காரன்' படம். கால் முறிஞ்சு 12 வருஷம் ஆச்சு, வயசு 54. சைக்கிள் ரிக்‌ஷா மேல உட்கார்ந்து பெடலை மிதிச்சுக்கிட்டே கம்பு சுத்துவார். அந்தப் படத்துக்குத்தான் அவருக்கு இந்தியாவோட சிறந்த நடிகர் தேசிய விருது. யூட்யூப்ல அந்தச் சண்டையைத் தேடிப் பாருங்க. கம்பைப் பார்க்காதீங்க, பெடல்ல இருக்கிற காலைப் பாருங்க.

எனக்கு இது ஆறாவது வாரம். பிசியோ அக்கா குடுத்த ஷீட்ல மூணே பயிற்சி. நேத்துதான் ஜிம்முக்கு மறுபடி போனேன். தட்டு எதுவும் மாட்டல, வெறும் ராடு. பக்கத்துல ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.