மீரா அல்பாசா

மீரா அல்பாசா (பிப்ரவரி 21, 1878 – நவம்பர் 17, 1973) புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தை நிருவகித்தவரும் ஆரோவில் நகரைத் தோற்றுவித்தவரும் ஆவார். ஸ்ரீ அன்னை என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். இவரது ஆன்மிகப் பணி குறித்துப் பல நூல்கள் உள்ளன. பொருள்களை வீணாக்காது கையாளுவதைக் கல்வியின் ஒரு பகுதியாக இவர் கருதியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வாழ்க்கை

பாரிசில் பிறந்த இவர் அங்கு ஓவியம் பயின்றார். 1914 மார்ச் 29 அன்று முதன்முறையாகப் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைச் சந்தித்தார். போர்க்காலத்தில் பிரான்சு திரும்பி, பின்னர் சப்பானில் வாழ்ந்து, 1920 ஏப்ரல் 24 முதல் புதுச்சேரியிலேயே தங்கினார். 1926 நவம்பரில் ஆசிரமப் பொறுப்பை ஏற்றார்.

கோல்கொண்டா விடுதி

இவரது மேற்பார்வையில் எழுந்த கோல்கொண்டா விடுதியை (1930–40கள்) செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். கட்டுமானப் பயிற்சி இல்லாத ஆசிரமவாசிகள் பலர் பணியிடத்திலேயே தொழில் கற்று இதில் உழைத்தனர். வடக்கு, தெற்குச் சுவர்களுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கற்காரைப் பலகைகள் அமைக்கப்பட்டன. காற்றை உள்ளே விட்டு வெயிலைத் தடுக்கும் இப்பலகைகளாலும் இரட்டைக் கூரையாலும் புதுச்சேரியின் புழுக்கத்திலும் குளிரூட்டி தேவைப்படவில்லை. ஆற்றல் சிக்கனம் என்ற பேச்சு உலகில் எழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது.

கல்விப்பணி

போர் அச்சத்தால் குடும்பங்கள் குழந்தைகளுடன் ஆசிரமத்தை நாடியதால், 1943 டிசம்பர் 2 அன்று ஏறத்தாழ இருபது மாணவர்களுடன் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இப்பள்ளி 1959 இல் அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் எனப் பெயர் பெற்றது. இங்குப் பட்டங்கள் வழங்கப்படுவதில்லை. வெளியே வேலை தேடுவோருக்கு இது ஒரு தடையே எனலாம். அதே ஆண்டில் தொடங்கிய ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம், மரக்கூழுக்குப் பதிலாகக் கழிவுப் பருத்தித் துணியைப் பயன்படுத்தியது.

ஆரோவில்

புதுச்சேரிக்கு வடக்கே 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில்லைத் தொடக்கி வைத்தார். அப்போது அந்நிலம் மழையில் செம்மண் கரைந்தோடும் பொட்டலாக இருந்தது. குடியேறியவர்களில் பெரும்பாலோர் உழவறியாதவர்கள். வரப்பு எழுப்பி மழைநீரைத் தேக்குவதையும், எந்த மரம் பிழைக்கும் என்பதையும் செய்து பார்த்தே கற்றனர். இவரது மறைவுக்குப் பின் அங்கே காடு வளர்ந்தது. சூரிய ஆற்றலால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் பொதுச் சமையற்கூடமும், சுட்ட செங்கல்லுக்குப் பதிலாக அழுத்திய மண்கல்லால் கட்டும் முறையைக் கற்பிக்கும் நிறுவனமும் உருவாயின.

இவர் காலத்தில் ரோசே ஆஞ்சே வரைந்த நகரத் திட்டம் 50,000 பேருக்கானது. அதில் சாலை குறிக்கப்பட்ட இடங்களிலும் மரங்கள் வளர்ந்துவிட்டன. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது குடியிருப்போர் சிலர் எதிர்த்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 இல் விதித்த கட்டுப்பாடுகளை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது. காட்டைக் காப்போர், திட்டத்தை நிறைவேற்றுவோர் ஆகிய இரு தரப்பினரும் அன்னையையே சான்றாகக் காட்டினர்.