தம் நூலைத் தாமே வெளியிட்ட சி. வி. இராமன் பிள்ளை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் செல்லும் இருப்புப்பாதையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் நிலையங்கள் உள்ளன. நம் சங்கத்து அன்பர்களுள் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தோர் பலர், விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் இவற்றைக் கடந்தே செல்கின்றனர். இவ்வட்டாரத்து ஆறயூர் என்னும் சிற்றூருடன் தொடர்புடைய குடும்பத்தில் தோன்றியவரே மலையாள நாவல் உலகின் முன்னோடியருள் ஒருவராகிய சி. வி. இராமன் பிள்ளை அவர்கள்.

அவர் பிறந்தது 1858-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள். திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்ம மன்னர் காலமானது 1758-ஆம் ஆண்டு. அம்மன்னரைக் கதைத் தலைவராக்கிப் புகழ்பெற்றவர், சரியாக நூறாண்டு கழித்துப் பிறந்தார் என்பது நினைக்க இன்பம் தருவதொரு பொருத்தம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உள்ளீடற்ற பலாமரம் ஒன்று உண்டு. இளவரசராயிருந்த மார்த்தாண்ட வர்மர், எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வருகையில் அம்மரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அம்மச்சிப் பிலாவு என்று அதற்குப் பெயர். இத்தகைய கதைகள் காற்றில் உலவிய நாட்டில், அரண்மனைப் பணியுடன் தொடர்பு கொண்ட வீட்டில் வளர்ந்த சிறுவனுக்குச் சரித்திரக் கதை எழுதத் தோன்றியதில் வியப்பில்லை.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று 1881-இல் பி. ஏ. பட்டம் பெற்றார். அங்கே ஜான் ராஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர்பால் அவர் கொண்ட மதிப்பு பெரிது. பிற்காலத்தில் தம் இல்லத்திற்கே அவ்வாசிரியரின் பெயரால் ராஸ்கோட் என்று பெயரிட்டார். படிப்பு முடிந்தபின் உயர்நீதிமன்றத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆம், அன்பர்களே, நம்மில் பலரைப் போல அவரும் கோப்புகளுக்கிடையே நாளைக் கழித்தவர்தாம். அவ்வேலைக்கிடையே வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ போன்ற கதைகளில் ஈடுபட்டு, நம் மண்ணின் சரித்திரத்தையும் அவ்வாறு எழுதிக் காட்ட வேண்டும் என்னும் வேட்கை கொண்டார். அவ்வேட்கையின் பயனே மார்த்தாண்ட வர்மா என்னும் அவரது முதல் நாவல்.

எழுதியாயிற்று, வெளியிடுவது யார்? இன்று ஓர் இளைஞர் நாவல் எழுதிப் பதிப்பகங்களின் படியேறுகிறார். அவை மறுத்துவிடின் கடன் வாங்கித் தாமே அச்சிட்டு, விற்றால் போதுமென்று மலிவு விலையும் வைக்கிறார். அக்காலத்திலோ மறுப்பதற்கும் ஆளில்லாத நிலை. மலையாளத்தில் நாவல் என்னும் பொருளே புதிது. அப்பு நெடுங்காடியின் குந்தலதா 1887-இல் வந்தது. சந்து மேனனின் இந்துலேகா 1889-இல் கோழிக்கோட்டில் அச்சாயிற்று. புராணமும் கிளிப்பாட்டும் அச்சிட்டு விற்றோர் இருந்தனர். முன்பின் அறியாத ஒரு குமாஸ்தாவின் நீண்ட உரைநடைக் கதைக்கு முதலீடு செய்ய முன்வருவோரை எங்கே தேடுவது? ஆகவே ஆசிரியரே வெளியீட்டாளரும் ஆனார்.

சட்டப் படிப்பை முன்னிட்டு 1890-இல் அவர் சென்னைக்குச் சென்றார். அப்பயணம் எத்தகையது என்பதை இருப்புப்பாதைத் துறையில் பணிபுரியும் என் போன்றோர் எண்ணிப் பார்க்காதிருக்க இயலாது. அன்று திருவனந்தபுரத்திற்கு ரயில் இல்லை. 1918-இல்தான் அது வந்தது. சென்னை செல்வோர் பலர் நெய்யாற்றின்கரை, பாறசாலை, நாகர்கோயில் வழியே ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்து, மாட்டுவண்டியில் திருநெல்வேலி சேர்ந்து ரயிலேறுவர். அவ்வண்டிப்பாதையை ஒட்டி நம் இருப்புப்பாதை திறக்கப்பட்டதோ 1979-இல்!

சென்னையில் ஆடிசன் கம்பெனியாரின் அச்சகத்தில் நாவல் அச்சாயிற்று. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, சில பக்கங்கள் அச்சானதும் அவற்றைப் பிரித்து மீண்டும் அடுத்த பக்கங்களுக்குக் கோக்கும் காலம் அது. புரூப் திருத்தித் தருவதில் தாமதித்தால் அச்சுக்கோப்பவர் கைகட்டி நிற்க வேண்டும். மலையாளம் வழங்காத ஊரில் மலையாள நூலை அச்சிடுகையில் பிழை நீக்குவது இருமடங்கு வேலையாகியிருக்கும். காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங், பொதியை ஊர் சேர்க்கும் வண்டிச் சத்தம் ஆகிய அனைத்தும் வெளியிடுவோர் தலையில் விழுவன. மாதச் சம்பளக்காரர் ஒருவர் இவற்றையெல்லாம் ஏற்பது சிறு துணிவன்று. 1891-இல் நூல் வெளிவந்தது. அட்டையைப் புரட்டினால் வெளியிட்டவர் என்ற இடத்தில் பதிப்பகம் ஏதுமில்லை, ஆசிரியரே இருந்தார்.

அதே 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. தமிழராகிய நாம் அதை மறைத்துப் பேசுவது முறையன்று. திருவிதாங்கூர் அரசின் உயர்பதவிகளை அயலூரினர், குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர், பெற்றுக்கொள்கின்றனர் என்று முறையிட்டுப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. பாரிஸ்டர் ஜி. பி. பிள்ளை அதன் முன்னணியில் நின்றார். அரசுப் பணியிலிருந்த சி. வி. திரைமறைவில் உழைத்தார். நாவலில் சூழ்ச்சிக்காரனாக வரும் சுந்தரய்யனும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவனே. இதனைப் படிக்கும் தமிழர் உள்ளம் சற்றே சுருங்கும். என் உள்ளமும் சுருங்கியது. ஆயினும் வேற்றூரில் பிழைக்க வந்த நாம், அவ்வூராரின் மனக்குறையை அவர்தம் வாயால் கேட்டறிவது நன்றேயன்றித் தீதன்று. மேலும், கதை தொடங்குவதே நாகர்கோயிலை அடுத்த பஞ்சவன் காட்டில். பத்மநாபபுரமும் சாரோடும் அதன் களங்கள். பைத்தியக்காரச் சான்றானாக வேடம் பூண்டு இளவரசரைக் காக்கும் அனந்தபத்மநாபனும், வீரமங்கை சுபத்திரையும் நம் ஊர்ப் பாதைகளில் நடமாடியவர்களாகவே தோன்றுகின்றனர்.

முதல் நாவலுக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் அடுத்த நாவலை வெளியிடவில்லை. இடையில் நகைச்சுவை நாடகங்கள் எழுதினார். 1904-இல் மனைவி பாகீரதி அம்மாவை இழந்தார். வழக்கறிஞராகவில்லை, அரசு அச்சகத்தின் மேற்பார்வையாளராக உயர்ந்து ஓய்வு பெற்றார். ஒரு காலத்தில் கைப்பணம் கொடுத்து அச்சகத்தாரை நாடியவருக்கு ஓர் அச்சகமே பொறுப்பில் வந்தது! தர்மராஜா 1913-இலும், பின்னர் இராமராஜ பகதூரும் வெளிவந்தன. 1922 மார்ச் 21-ஆம் நாள் அவர் மறைந்தார். நடிகர் அடூர் பாசி இவருடைய மகள் வயிற்றுப் பேரன் என்பதை அன்பர்கள் அறிந்திருக்கலாம்.

கேட்பாரின்றித் தொடங்கிய நூல் பாடநூலாயிற்று. அதன் உரிமைக்காக நீதிமன்றமும் கூடிற்று. 1933-இல் நாகர்கோயில் சுந்தர்ராஜ் இக்கதையைப் பி. வி. ராவின் இயக்கத்தில் ஊமைப்படமாக எடுத்துத் திருவனந்தபுரத்தில் திரையிட்டார். உரிமை பெறாமல் எடுத்ததாகக் கமலாலயம் புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுக்க, படம் நின்றது. முடங்கிக் கிடந்ததனாலேயே அப்படச்சுருள் அழியாது தப்பிப் பூனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தது.

ஓ. கிருஷ்ண பிள்ளையின் தமிழாக்கம் 1954-இல் வெளிவந்தது. அடுத்த இரண்டாண்டில், 1956 நவம்பர் 1-ஆம் நாள், கல்குளம், விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாகாணத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. எல்லை களியக்காவிளையில் அமைந்தது. கதையில் வரும் பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்குள் இருப்பினும், அதன் அரண்மனையை இன்றும் கேரள அரசே பராமரித்து வருகிறது.