காடு கற்பித்த கென்னத் ஆண்டர்சன்

கல்வி என்றவுடன் பள்ளியும் கல்லூரியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆற்று மணலே ஏடாகவும், ஏட்டுக்கல்வி அறியாத கானவரே ஆசானாகவும் அமையப் பெற்று, தாம் கற்றதை உலகறிய எழுதிவைத்த ஒருவர் இப் பெங்களூரில் வாழ்ந்தார். அவர்தாம் கென்னத் ஆண்டர்சன். அவர் அலைந்து திரிந்த காடுகளுட் பல நம் தமிழ் மண்ணைச் சேர்ந்தவை. ஆதலின் அவர்தம் வரலாறு இந்நகர்த் தமிழர் அறியத்தக்கதாகும்.

ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். இந்நாட்டிலேயே தங்கி வேரூன்றிவிட்ட ஸ்காட்லாந்துக் குடும்பம் அவருடையது. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்றார். சட்டம் கற்க எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். ஆயினும் மனம் அங்கு ஒன்றாமல், படிப்பை முடிக்காமலே திரும்பினார். தபால் தந்தித் துறையிலும், பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் பணிபுரிந்தார். அலுவல் ஓய்ந்த நாட்களில் அவருடைய ஸ்டூடிபேக்கர் வண்டி ஓசூரைக் கடந்து ஓடும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெண்ணாகரம் என்னும் ஊர்கள் அவருக்குச் சொந்த ஊர்கள் போலாயின.

சின்னாற்றங்கரையில் முத்தூர் என்னும் இடத்தருகே அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். பூசாரி என்னும் காட்டுக்குடியைச் சேர்ந்த பைரா என்பவரே அவர். ஆற்றங்கரையில் குடைந்த பொந்தே அவர் வீடு. இடையில் சுற்றிய துணியே அவர் உடை. பைராவிடமும் அவரை ஒத்த கானவரிடமும் ஆண்டர்சன் காட்டை வாசிக்கக் கற்றார். அடிச்சுவட்டின் விளிம்பு கூராக இருக்கிறதா, சரிந்துவிட்டதா, அதன்மேல் பனி படிந்துள்ளதா என்று நோக்கி, விலங்கு சென்ற நேரத்தை உணர்வது அக் கல்வியின் முதற்பாடம். ஆண் புலியின் சுவடு சதுரமாகவும், பெண் புலியின் சுவடு சற்று நீண்டும் இருக்கும். கடமானும் புள்ளிமானும் மரத்தின் மீதிருக்கும் மந்தியும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல், கொல்விலங்கு வரும் திசையைக் காட்டும். யானைக்கும் கரடிக்கும் பார்வை குறைவு, மோப்பமோ மிகுதி. ஆதலின் அவை உள்ள இடத்தில் காற்றின் போக்கை அறியாமல் அடியெடுத்து வைத்தல் ஆகாது.

இக்கல்வி அவருடைய உயிரையும் பிறர் உயிரையும் காத்தது. ஜவளகிரிப் பகுதியில் மக்களை அச்சுறுத்திய பெண் புலியைத் தேடி அலைந்தபோது, ஆண் புலியின் குரலைத் தம் தொண்டையாலேயே எழுப்பி அதைத் தம்மிடம் வரவழைத்தார் என்பது அவர் எழுதிய வரலாறு. கும்மளாபுரத்தில் 42 பேரைக் கொன்றதாக அவர் கூறும் சிறுத்தையை வீழ்த்திய பின், அதன் பாதத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் ஆழப் பாய்ந்திருக்கக் கண்டார். இரையை ஓடிப் பிடிக்க இயலாத துன்பமே அவ்விலங்கை மனிதர்பால் திருப்பியது. காயமும் மனிதனின் குண்டுமே பெரும்பாலும் ஆட்கொல்லிகளை உண்டாக்குகின்றன என்பது அவர்தம் துணிபு. அதனால், விலங்கை வெறுக்கும் குரலை அவர் எழுத்தில் காண்பது அரிது.

கற்றதை அவர் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1954-இல் அவருடைய முதல் வேட்டை நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தொடர்ந்து வந்தவற்றையும், அவர் மறைவுக்குப் பின் 1976-இல் வெளியானதையும் சேர்த்து இவ்வகை நூல்கள் 8 ஆகும். இன்று நகரின் பகுதியாகிவிட்ட ஜாலஹள்ளியில் சிறுத்தை புகுந்த வரலாறும் முதல் நூலில் உள்ளது. அந்நூலிலேயே ஓர் இயல் முழுவதும் பைராவுக்கு உரியது. துரைமார் எழுதிய வேட்டை நூல்கள் பலவற்றில் வழிகாட்டிய கானவர் பெயரின்றி மறைந்து போயினர். ஆண்டர்சனோ தம் ஆசானைப் பெயரிட்டு அழைத்தார், நட்பென்றே போற்றினார். காடு கற்பித்த பணிவு இதுவே எனலாம்.

1974-இல் இந்நகரிலேயே அவர் காலமானார். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன், 1972-இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. துப்பாக்கியின் காலம் முடிந்தது. அவர் உலாவிய தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிக் காடுகள் பலவும் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயின.

துப்பாக்கி ஓய்ந்தது நன்றே. ஆனால் சுவட்டையும் குரலையும் காற்றையும் அறியும் கலை அதனுடன் ஓய்ந்துவிடலாகாது. காட்டோரத்தில் வாழும் முதியவர் பலரிடம் அக்கலை இன்னும் உள்ளது. கேட்பாரின்றி அவரோடு அது மறையுமாயின் மீட்பதற்கு வழியில்லை. விடுமுறையில் ஓசூருக்கு அப்பால் செல்லும் நம் அன்பர்கள், காட்டை வேடிக்கை பார்த்துத் திரும்பிவிடாமல், அம்முதியவரின் அருகமர்ந்து நான்கு செய்தி கேட்டு வருவார்களாக. கேட்டதைத் தம் மக்களுக்கும் சொல்வார்களாக.