லோகமான்யரும் கணபதி விழாவும்

தேசத் தொண்டில் இறங்குவோர் அனைவரும் ஒரு கேள்வியை எதிர்ப்பட்டே தீர வேண்டும். படித்தவர் சிலர் ஒரு மண்டபத்திற் கூடித் தீர்மானங்களை நிறைவேற்றிக் கலைந்து செல்வதால் ஒரு ஜாதியார் விழித்தெழுவரா? எழாரெனில், எழுத்தறியாத கோடானுகோடி ஜனங்களின் உள்ளத்தை எவ்வழியாக அணுகுவது? இக்கேள்விக்குத் தமது வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் லோகமான்ய பால கங்காதர திலகர். அவ்விடையின் பெருமையையும் அதனுள் மறைந்திருந்த அபாயத்தையும் ஒருங்கே ஆராய்தல் பொது வாழ்விலிருப்போரின் கடமையாகும்.

திலகர் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி, கொங்கண நாட்டு ரத்னகிரியில் பிறந்தார். தந்தையார் கங்காதர ராவ் பள்ளி ஆசிரியர், ஸம்ஸ்கிருத விற்பன்னர். பதினாறு வயதில் தந்தையை இழந்த திலகர், புனா டெக்கான் காலேஜிற் கணிதம் பயின்று 1877-இல் பி.ஏ. பட்டமும், 1879-இல் சட்டப் பட்டமும் பெற்றார். அக்காலத்துப் பட்டதாரிகள் நாடிய சர்க்கார் உத்தியோகத்தை அவர் நாடவில்லை. 1880-இல் விஷ்ணு சாஸ்திரி சிப்லூங்கருடன் கூடிப் புனாவில் ஒரு பள்ளிக்கூடம் நிறுவினார். அடுத்த வருஷமே மராத்தியில் 'கேசரி'யும் ஆங்கிலத்தில் 'மராட்டா'வும் தோன்றின. கோலாப்பூர் சமஸ்தான விவகாரத்தைப் பற்றி எழுதியதன் பொருட்டு, 1882-இல் அவரும் நண்பர் அகர்கரும் நான்கு மாத தண்டனை பெற்றனர். பத்திரிகைத் தொழிலின் விலை இன்னதென்பதை இருபத்தாறாம் வயதிலேயே அவர் அறிந்துகொண்டார்.

மகாராஷ்டிரத்தில் கணபதி வழிபாடு புதியதன்று. பேஷ்வாக்களின் குலதெய்வம் விநாயகர்; அவர்கள் காலத்தில் அவ்விழா அரண்மனையில் வெகு விமரிசையாக நடந்தது. 1818-இல் பேஷ்வா ஆட்சி வீழ்ந்த பின்னர் அது பெரும்பாலும் வீட்டு வழிபாடாகச் சுருங்கியது. பாத்ரபத மாதத்துச் சுக்கில சதுர்த்தியன்று களிமண்ணால் ஆன மூர்த்தியை வைத்துப் பூஜித்து, குடும்ப வழக்கப்படி சில நாட்களில் நீரிற் கரைத்துவிடுவர். வீதிக்கு அதில் இடமில்லை.

இவ்விழாவை வீதிக்குக் கொணர்ந்த முயற்சி புனாவில் 1890-களின் தொடக்கத்தில் எழுந்தது. பாவு சாகேப் ரங்காரி போன்ற நகரப் பிரமுகர்கள் இதில் முன்னின்றனர். ஆயினும் அதற்குத் திட்டமும் நோக்கமும் தந்து, 'கேசரி'யின் வாயிலாக நாடெங்கும் பரப்பியவர் திலகரே. 1893, 1894-ஆம் வருஷங்களில் பேட்டைதோறும் பொது மூர்த்திகள் எழுந்தருளின. மாணாக்கரும் தொழிலாளரும் கடைக்காரரும் மேளா என்னும் பாடற்குழுக்களாகச் சேர்ந்தனர். பத்து நாள் பஜனையும் உபந்நியாசமும் நடந்த பின், அனந்த சதுர்தசியன்று மூர்த்திகள் யாவும் ஒரே ஊர்வலமாக ஆற்றங்கரை சேர்ந்தன. அரசியற் கூட்டத்தைச் சந்தேகக் கண்ணுடன் நோக்கிய சர்க்கார், மத விஷயங்களில் தலையிடுவதில்லையென்று 1858-ஆம் வருஷத்து ராணியின் பிரகடனத்தில் வாக்களித்திருந்தது. ஆகவே காங்கிரஸ் மகாசபையின் பெயரையே கேட்டறியாதவரும் சுதேசியத்தைப் பற்றியும் நாட்டின் பழம் பெருமையைப் பற்றியும் விநாயகர் சந்நிதியிற் கேட்டனர்.

இனி இதன் மறுபுறத்தையும் மறையாது கூறல் வேண்டும். விழா உருவெடுத்த அதே 1893-இல் பம்பாயில் ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பெருங்கலகம் மூண்டது. அதுவரை புனாவில் மொகரம் ஊர்வலங்களிற் கலந்து ஆடிப் பாடிவந்த ஹிந்துக்கள், 1894-இல் அவற்றினின்றும் விலகினர். அவ்விலகலைத் திலகரின் கட்சியார் ஆதரித்தனர். மேளாக்கள் சிலவற்றின் பாடல்களில் அண்டை வீட்டாரை இகழும் சொற்களும் புகுந்தன. ஒரு சாராரை ஒன்று சேர்த்த விழா, மற்றொரு சாராரை வெளியே நிறுத்தியது. அன்றியும், 1891-இல் பெண்களின் சம்மத வயதை உயர்த்திய சட்டத்தை அந்நிய சர்க்காரின் தலையீடென்று திலகர் எதிர்த்தார். சீர்திருத்தத்தில் ஊன்றி நின்ற அகர்கருக்கும் அவருக்கும் நட்பு முறிந்தது. பெரியோரின் பிழைகளைக் குணங்களாகத் திரித்துக் கூறுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

1896-இல் ராயகடத்தில் சிவாஜி உற்சவமும் தொடங்கிற்று. 1897-இல் புனாவில் பிளேக் நோய் பரவியபோது, சோதனையென்ற பெயரால் வீடுகளிற் புகுந்த சிப்பாய்களின் கொடுமை ஜனங்களைக் கொதிப்படையச் செய்தது. ஜூன் 22-ஆம் தேதி ராண்டு என்னும் அதிகாரி சுடப்பட்டார். அக்கொலையில் திலகருக்குப் பங்குண்டென்று நிரூபணமாகவில்லை. எனினும் 'கேசரி'யில் வெளிவந்த எழுத்துக்களுக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டி, 18 மாதக் கடுங்காவல் விதித்தனர்.

1908-இல் மீண்டும் அதே குற்றச்சாட்டு. ஜூரிகளில் ஐரோப்பியர் எழுவர் குற்றவாளியென்றனர். இந்தியர் இருவர் அல்லவென்றனர். ஆறு வருஷத் தீவாந்தர தண்டனை கிடைத்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் வருஷத்திற்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். மண்டபத் தீர்மானங்களால் இது நிகழ்ந்திராது. முந்திய டிசம்பரிற் சூரத்தில் திலகரின் பக்கம் நின்ற வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கும் அதே ஜூலை மாதத்திற்றான் திருநெல்வேலியில் தண்டனை விதிக்கப்பட்டது.

மாந்தலே சிறையிற் கழிந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. 1910-11 குளிர்காலத்திற் சில மாதங்களுக்குள், பென்சிலால், மராத்தியில் 'கீதா ரகசியம்' எழுதி முடித்தார். அது 1915-இல் வெளிவந்தது. கீதையின் முடிந்த கருத்து துறவன்று, பயன் கருதாத செயலே என்பது அந்நூலின் சித்தாந்தம். ஆசாரியர்களின் உரைகளுக்கு மாறுபட்டு இவ்வாறு நிறுவ மிகுந்த துணிவும் கல்வியும் வேண்டும். சிறையிலிருக்கும்போதே 1912-இல் மனைவியார் காலமான செய்தி அவரை எட்டியது. 1914 ஜூனில் விடுதலையாகித் திரும்பியபோது உடல் தளர்ந்திருந்தது, உள்ளம் தளரவில்லை.

அவ்வுள்ளம் முதிர்ந்துமிருந்தது. 1916-இல் லட்சுமணபுரிக் காங்கிரஸில் முஸ்லிம் லீக்குடன் ஏற்பட்ட உடன்படிக்கையை, முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் அளிப்பதென்ற பகுதியுடன் கூட, அவர் ஆதரித்தார். தம்மைச் சேர்ந்தோரே முணுமுணுத்தபோதும் பின்வாங்கவில்லை. தனித் தொகுதியின் நன்மை தீமைகள் வேறு விஷயம். இருபது வருஷத்திற்கு முன் ஒரு சாராரை மட்டும் திரட்டியவர், சுயராஜ்யத்தின் பொருட்டு மற்றச் சாராரிடம் கை நீட்டினார் என்பதே இங்கு நினைக்கத்தக்கது.

1920 ஆகஸ்டு முதல் தேதி பம்பாயில் அவர் உயிர் நீத்தார். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் அன்றே. சௌபாத்திக் கடற்கரைக்குச் சென்ற இறுதி ஊர்வலத்தில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் பார்ஸிகளும் லட்சக்கணக்காகத் திரண்டனர். அவர் நடத்திய விழாக்கள் எதிலும் அத்தகைய கூட்டம் கூடியதில்லை.

விழாவிற்குக் கூட்டம் சேர்ப்பது எளிது. சேர்ந்த கூட்டத்திற்கு எதைக் கற்பிக்கிறோம் என்பதே தலைவனுக்குச் சோதனை. பக்தியால் ஒன்றுபட்ட ஜனங்களிடம் நாட்டன்பையும் வளர்க்கலாம், பகையையும் வளர்க்கலாம். திலகரின் விழாவில் இவ்விரண்டும் இருந்தன. ஆனால் அவர் வாழ்க்கை முதலாவதை நோக்கியே நடந்து முடிந்தது. அவரைப் போற்றுவோர் அவர் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடாமல், அவர் சென்று சேர்ந்த இடத்திற்கு வருவார்களாக.