பெண்டிர் நாவில் வாழ்ந்த ஆவுடையக்காள்

தமிழில் பெண்பாற் புலவர் மரபு மிகத் தொன்மையானது. சங்கச் சான்றோருள் ஒளவையாரும் வெள்ளிவீதியாரும் காக்கைபாடினியாரும், பத்தி நெறியில் காரைக்காலம்மையாரும் ஆண்டாளும் யாவரும் அறிந்தோர். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவராயினும், இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் இடம்பெறாது போனவர் செங்கோட்டை ஆவுடையக்காள். தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடிய இவ்வம்மையாரின் பாடல்கள் ஏறத்தாழ 300 ஆண்டுகளாகத் தென்பாண்டி நாட்டுப் பெண்டிரின் வாய்மொழியில் வாழ்ந்து வந்தன. ஏட்டையும் மடத்தையும் நம்பாது, அடுக்களையையும் ஊஞ்சலையும் நம்பி நிலைபெற்ற கவிதை இவருடையது.

இளமைத் துயர்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், குற்றாலத்துக்கு அணித்தே அமைந்த ஊர் செங்கோட்டை. நெடுங்காலம் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. இவ்வூரின் அந்தணர் குடியொன்றில் பிறந்த ஆவுடையக்காளுக்கு, அக்கால வழக்கப்படி அறியாப் பருவத்திலேயே மணம் நிகழ்ந்தது. மணம் இன்னதென்று உணருமுன்னரே கணவனை இழந்தார். மங்கல நிகழ்ச்சிகளில் இடமின்மை, வீட்டின் உட்பகுதியே உலகம் என்னும் கட்டுப்பாடு ஆகியன கைம்மை அவருக்கு விதித்த வாழ்வு. பெற்றோர் ஊராரின் ஏச்சையும் பொருட்படுத்தாது மகளுக்கு எழுத்தறிவித்தனர் என்பது செவிவழிச் செய்தி. அந்த எழுத்தே பின்னர் அவருக்கு ஊன்றுகோலாயிற்று.

குருவருள்

தஞ்சை மராட்டிய மன்னர் சகசி, 1693ஆம் ஆண்டில் புலவர் பலருக்குக் கொடையாக அளித்த ஊர் குடந்தைக்கு அருகிலுள்ள திருவிசைநல்லூர். அங்கு வாழ்ந்த ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாள், நாம சங்கீர்த்தன நெறியின் முன்னோடிகளுள் ஒருவர். தந்தையின் சிராத்தத்துக்கெனச் சமைத்த உணவைப் பசித்து வந்த தீண்டப்படாதார் ஒருவருக்கு அளித்து, அதனால் ஊராரின் சினத்துக்கு ஆளானவர் என்று அவரைப் பற்றி வழங்கும் கதை பலரும் அறிந்ததே.

ஐயாவாள் ஒருகால் செங்கோட்டை வீதியில் நாமம் பாடி வந்தார். வீட்டுக்குள் இருந்த ஆவுடையக்காள் கட்டுப்பாட்டை மீறி வெளியே ஓடிவந்து அவர் அடியில் விழுந்தார்; ஐயாவாளும் தயங்காது உபதேசம் அருளினார். கைம்பெண் ஒருத்தி தெருவுக்கு வந்ததை ஊர் பொறுக்கவில்லை. அவரை விலக்கி வைத்தது. அவரோ தலங்கள் பலவற்றுக்கும் யாத்திரை சென்று, காவிரிக் கரையில் குருவை அடைந்து, அத்வைத ஞானத்தில் திளைத்தார். விலக்கிய ஊரே பின்னாளில் அவரை ஞானியென ஏற்று வணங்கியது என்று மரபு கூறும்.

பாட்டின் வடிவும் பொருளும்

வேதாந்தம் வடமொழியில், ஆடவர் அவையில், சாத்திர வாதமாக விளங்கிய காலம் அது. ஆவுடையக்காள் அதனைக் கும்மியாகவும் அம்மானையாகவும் பள்ளாகவும் குறவஞ்சியாகவும் ஊஞ்சலாகவும் தாலாட்டாகவும் மாற்றினார். அருகிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய மண் அது. நாட்டார் வடிவங்களின் வளம் நிறைந்த அம்மண்ணில், கல்லாத பெண்ணும் கைகொட்டிப் பாடும் மெட்டில் பிரம்ம ஞானத்தை ஏற்றியது அவர்தம் தனிச்சிறப்பு.

அவருடைய சூடாலைக் கும்மி குறிப்பிடத்தக்கது. யோகவாசிட்டத்தில் வரும் சூடாலை என்னும் அரசி தன் கணவனுக்கு முன்னரே ஞானம் எய்துகிறாள். அவனோ பெண்ணின் சொல்லை மதியாது காடு செல்கிறான். அவள் இளமுனிவன் வடிவெடுத்துச் சென்று அவனுக்கு மெய்ப்பொருளை உணர்த்துகிறாள். பெண் குருவாகவும் ஆண் மாணாக்கனாகவும் அமையும் இக்கதையை, பெண்கள் வட்டமாய் நின்று ஆடும் கும்மிக்கு அவர் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று.

தீட்டு, எச்சில் என்பனவற்றை அவர் வினாவுக்குள்ளாக்கிய பாடல்கள் இன்னும் கூர்மையானவை. தேன் வண்டின் எச்சில், பால் கன்றின் எச்சில், வேதமும் ஓதுவோர் நாவின் எச்சிலே என அடுக்கி, எச்சில்படாத பொருள் உலகில் யாதென வினவுகிறார். தீட்டினாலேயே உருவான உடம்பு வீட்டில் ஒதுங்கியிருந்தால் மட்டும் தூய்மையாகிவிடுமோ என்பது அவர் எழுப்பும் மற்றொரு வினா. வீட்டுக்கு விலக்கப்பட்டும், கைம்மையால் ஒதுக்கப்பட்டும் வாழ்ந்த பெண்களே இவற்றை விரும்பிப் பாடினர் என்பது நோக்கத்தக்கது. ஞானம் அவர்களுக்கு ஏட்டறிவாக வரவில்லை. ஆறுதலாகவும் துணிவாகவும் வந்தது.

மறைவும் வாழ்வும்

ஆடி அமாவாசை நாளொன்றில் குற்றால அருவியில் நீராடி, மலைமேல் ஏறிச் சென்ற ஆவுடையக்காள் திரும்பவில்லை என்பது மரபுச் செய்தி. அவர் மறைந்தார், பாட்டு மறையவில்லை. நண்பகல் ஓய்விலும் மண வீட்டிலும் பெண்கள் பாடினர். தாயிடம் மகளும் மாமியாரிடம் மருமகளும் கற்றனர். எழுதத் தெரிந்தோர் நோட்டுப் புத்தகங்களில் படியெடுத்தனர். 1918 முதல் 1920 வரை பாரதியார் வாழ்ந்த கடையம் இப்பாடல்கள் வழங்கிய வட்டாரத்தைச் சார்ந்ததே. அவருடைய ஞானப்பாடல்களில் அக்காளின் சாயலைக் காண்போரும் உளர்.

திருக்கோவலூர்த் தபோவனத்து ஞானானந்த நிகேதனம் 2002ஆம் ஆண்டில் அவர் பாடல் திரட்டை வெளியிட்டது. 2012இல் காஞ்சனா நடராசனின் ஆங்கில நூல் அவரைப் பிறமொழியாளரும் அறியச் செய்தது. எனினும், வாயோடு போன பாடல்களை எந்த அச்சகமும் மீட்டுத்தர இயலாது. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்தம் பரண்களில் பாட்டியின் கையெழுத்து நோட்டு ஒன்று கிடக்கக்கூடும். அதனைப் பழந்தாளெனக் கடைக்குப் போடுமுன் ஒருமுறை விரித்துப் பார்த்தல் கவிஞர் கடமை. ஆவுடையக்காளுக்குச் செய்யத்தக்க நினைவுச் சின்னம் அதுவே.